பழைய டிஸ்க் இரண்டும் இருக்கட்டும், புதிதாக எதைப் போடுவது?

அத்தானுக்கு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் சின்னதாக ஒரு டிசைன் கடை. கலியாண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை, பெயர்ப்பலகை எல்லாம் செய்வார் என்றாலும் கடைக்குச் சோறு போடுவது நினைவு மலர்தான். நாங்கள் கல்வெட்டு என்று சொல்கிற அந்தப் புத்தகம், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நடக்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் இருக்கவேண்டும். முப்பத்திரண்டாம் நாள் கொண்டுபோனால் ஒருவருக்கும் வேண்டாம். ஒருநாள் பின்னேரம், விடிந்தால் அச்சுக்குப் போகவேண்டிய ஒரு மலரைத் திறக்கக் கொடுத்துவிட்டு, அவரும் இறந்தவரின் மகனும் ஆளுக்கொரு கதிரையில் இருந்து திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோதும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"தம்பி, உதுக்கு எஸ்எஸ்டி எண்டு ஒண்டு போட்டால் சரிவருமாம். எவ்வளவு முடியும்?"

சரிவரும். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்கின் வேலையைச் சிப்பில் செய்கிற, சுற்றாத டிஸ்க். ஆனால் எதைப் போடுவது, எந்த அளவில், எந்த ஸ்லொட்டில், இருக்கிற டிஸ்க்குகளை என்ன செய்வது என்று அவருடைய ஒரு கேள்வி ஐந்தாறாகப் பிரிந்தது. அந்த ஒரு வாரம் நாங்கள் கதைத்து முடிவெடுத்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் மெஷின் வேறாக இருந்தால் முடிவும் வேறாகலாம். எந்த இடத்தில் வேறாகும் என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன். விலை மட்டும் எழுதவில்லை. நான் விசாரித்ததற்கும் நீங்கள் விசாரிப்பதற்கும் இடையில் டொலர் எத்தனை தரம் ஏறி இறங்குமோ!

முதலில் கடை மெஷின். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, எச்81 சிப்செட் மதர்போர்ட், 8 ஜிபி ரேம். ஹார்ட் டிஸ்க் இரண்டு. 500 ஜிபி டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்து, சி-யில் விண்டோஸ் 10. மற்றது 2 டிபி, அதில் பதினைந்து வருஷத்து வேலை. கோண்டாவில், கோக்குவில் பக்கத்து எத்தனையோ குடும்பங்களின் அப்பா அம்மா படங்கள் அதற்குள்தான் கிடக்கின்றன. "டிஸ்க் இரண்டிலயும் கை வைக்கக் கூடாது" என்பது அத்தானின் முதல் நிபந்தனை.

அந்த வட்டம் சுற்றும்போது பெட்டிக்குள் காதை வைத்தால் கிறிக் கிறிக் என்று ஒரு சத்தம் கேட்கும். விஷயம் அதில்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் பழைய இசைத்தட்டு மாதிரி: தட்டுச் சுற்றும், ஊசி தேடும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செக்கன். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது நாலு மில்லி செக்கனுக்குக் கொஞ்சம் மேல். ஊசி ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக இன்னும் எட்டு ஒன்பது. கூட்டிப் பார்த்தால் ஒரு சின்னத் துண்டை எடுக்கப் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லி செக்கன். செக்கனுக்கு எண்பது துண்டு எடுத்தால் பெரிய காரியம். விண்டோஸ் எழும்பும்போதோ போட்டோஷொப் திறக்கும்போதோ கேட்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை. ஒரே நீளமான வீடியோவை ஓட விட்டால் அதே டிஸ்க் செக்கனுக்கு 150 எம்பிக்குக் குறையாமல் தரும். அதனால்தான் படம் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாத மெஷின், காலையில் எழும்பும்போது மட்டும் உயிரை வாங்குகிறது.

எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் ஒன்றுமில்லை. துண்டு எங்கே கிடந்தாலும் மில்லி செக்கனில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான நேரத்தில் கைக்கு வந்துவிடும். அதனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் பாய்ச்சல் பெரியது. ஒரு எஸ்எஸ்டிக்கும் இன்னொரு எஸ்எஸ்டிக்கும் உள்ள வித்தியாசம், விண்டோஸ் எழும்புகிற வேலையில், ஒன்றிரண்டு செக்கன்தான். வேகத்துக்குக் கொடுக்க நினைக்கிற மேலதிகக் காசை அளவுக்கும் காப்புப் பிரதிக்கும் கொடுங்கள் என்பது என் கட்சி. அத்தானிடமும் இதைத்தான் வாதாடினேன்.

கஸ்தூரியார் வீதியில் விசாரிக்கப் போனபோது கடையில் நின்ற தம்பி வேறு கட்சி. "அண்ணை, இப்ப ஆர் சாட்டா வாங்கினம்? என்விஎம்இ எடுங்கோ." அவர் சொன்னதில் பிழையில்லை, புதிய மெஷின் என்றால். சாட்டா எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க் கேபிளிலேயே மாட்டுகிற இரண்டரை அங்குலப் பெட்டி. எவ்வளவு நல்லதை வாங்கினாலும் அந்தக் கேபிள் செக்கனுக்கு 550 எம்பியளவில் மட்டுப்படுத்திவிடும். என்விஎம்இ, சூயிங்கம் பக்கெட் அளவில், மதர்போர்டிலேயே படுத்துக்கிடக்கிற சிட்டை. பிசிஐஇ என்பது அது மதர்போர்டோடு பேசுகிற தடம்; 3.0 வகை 3500 எம்பி வரை போகும், 4.0 வகை 7000 வரை. வீடியோ எடிட் செய்கிறவர், நாளுக்கு நூறு ஜிபி அங்கும் இங்கும் நகர்த்துகிறவர் என்றால் யோசிக்காமல் அதை எடுக்கலாம்.

அத்தானின் எச்81 போர்டில் அந்தச் சிட்டையைச் செருகுகிற எம்.2 ஸ்லொட்டே கிடையாது. "அடப்டர் கார்ட் இருக்கு, பிசிஐஇ ஸ்லொட்டிலை செருகலாம்" என்றார் தம்பி. செருகலாம். ஆனால் அந்தப் போர்டின் சின்ன ஸ்லொட்டுகள் பிசிஐஇ 2.0, ஒற்றைத் தடம். அதில் செக்கனுக்கு 500 எம்பிக்கு மேல் போகாது. சாட்டா தருகிற அதே வேகத்துக்கு அடப்டருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கவேண்டும். கிராஃபிக்ஸ் கார்ட் போடுகிற நீளமான ஸ்லொட்டில் மாட்டினால் வேகம் கூடும், சரி. ஆனால் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது: மெஷினைப் போட்டதும் முதலில் ஓடுகிற மென்பொருளான பயோஸ், அந்தக் காலத்து மெஷின்களில், பெரும்பாலும் என்விஎம்இ சிட்டையை அடையாளம் காணாது. விண்டோஸ் எழும்பிய பிறகு டிஸ்க் தெரியும், எழும்புவதற்கு மட்டும் உதவாது. எங்களுக்கு வேண்டியதோ எழும்புவதற்கு. பயோஸைத் திருத்தி எழுதுவது, ஒரு பென்ட்ரைவிலிருந்து முதல் படியைத் தொடக்கி விடுவது என்று வழிகள் உண்டு. வீட்டு மெஷினில் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். விடிந்தால் கல்வெட்டு அச்சுக்குப் போகவேண்டிய மெஷினில் பயோஸைக் கிளற எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் போர்டில் எம்.2 ஸ்லொட் இருந்தால் வாங்க முதல் இரண்டு விஷயம் பாருங்கள். எல்லா எம்.2வும் என்விஎம்இ இல்லை. அதே உருவத்தில் சாட்டா வகையும் வருகிறது. சில ஸ்லொட்டுகள் ஒன்றை மட்டும் ஏற்கும். சிட்டையின் பல்லில் வெட்டு ஒன்றா இரண்டா என்று பார்க்கலாம்: என்விஎம்இக்குப் பெரும்பாலும் ஒரு வெட்டு, சாட்டா எம்.2வுக்குப் பெரும்பாலும் இரண்டு. இதைவிட நிச்சயமானது போர்டின் கையேடு. பெயரைப் போட்டுத் தேடினால் பிடிஎஃப் வரும். இரண்டாவது விஷயம் பழைய டிஸ்க் வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கே உரியது. பல போர்டுகளில் எம்.2 ஸ்லொட்டில் ஒன்றைப் போட்டதும் சாட்டா கேபிள் செருகுகிற போர்ட்டுகளில் ஒன்றோ இரண்டோ செயலிழந்துவிடும், இரண்டும் ஒரே தடத்தைப் பங்குபோடுவதால். புதிதைப் போட்டோம், பழைய டிஸ்க் செத்துவிட்டது என்று ஆட்கள் பதறுவது இதனால்தான். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றினால் வந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க் இரண்டையும் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே பெரிய எஸ்எஸ்டியில் போடுவதையும் யோசித்தோம். சத்தமில்லை, சூடில்லை, ஆசைக்கு நல்லாயிருக்கும். பத்து வருஷத்துக்கு முந்திய கலியாண அட்டையை மில்லி செக்கனில் திறந்து யாருக்கு என்ன பயன்? அதற்கு ஹார்ட் டிஸ்க்கின் வேகமே தாராளம். இன்னொன்றும் இருக்கிறது. எஸ்எஸ்டி மின்சாரமில்லாமல் நீண்டகாலம் கிடக்கத் தோதான பண்டம் இல்லை. சாதாரணப் பாவனைக்கான எஸ்எஸ்டிகளுக்கு ஜெடெக் என்ற அமைப்பு வகுத்த தரம், எழுதி எழுதித் தேய்ந்து ஆயுள் முடிந்த நிலையில் மின்சாரமில்லாமல் 30 பாகை வெப்பத்தில் ஒரு வருஷம் தரவு தங்கவேண்டும் என்றுதான் கேட்கிறது. வெப்பம் கூடினால் காலம் குறையும். ஆயுள் மிச்சமிருக்கிற எஸ்எஸ்டி இதைவிட நீண்டகாலம் தாங்கும் என்றாலும், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இறாக்கையில் போட்டுவைக்கிற சாமானுக்கு நான் ஹார்ட் டிஸ்க்கைத்தான் நம்புவேன்.

வெளியே யூஎஸ்பியில் ஒரு எஸ்எஸ்டி மாட்டி அதிலிருந்து விண்டோஸை ஓட்டலாமே என்று அத்தானின் மகள் கேட்டாள். பெட்டியைத் திறக்கத் தேவையில்லாத வழி என்று பார்த்தால் கெட்டிக்காரக் கேள்விதான். ஆனால் விண்டோஸ் நிறுவும்போது யூஎஸ்பி டிஸ்க்கை ஏற்காது. அதற்கென்று இருந்த விண்டோஸ் டு கோ வசதியையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். லினக்ஸ் என்றால் நன்றாக ஓடும். இந்தக் கடைக்கு அது உதவாது. ஏன் என்று பாமினி எழுத்துருவின் கதை வரும்போது சொல்கிறேன்.

உண்மையில் யோசிக்க வைத்தது இன்னொரு வழிதான்: மெஷினையே மாற்றுவது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. நான்காம் தலைமுறைக்கு அந்தக் கதவு மூடித்தான் கிடக்கிறது. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த மெஷின்கள் இங்கே நல்ல நிலையில் விற்பனைக்கு வருகின்றன. எட்டாம் தலைமுறையில் ஒன்றை எடுத்தால் எம்.2 ஸ்லொட்டும் பெரும்பாலும் கூடவே வரும். கையில் காசு இருந்தால், மெஷினில் இணையமும் வங்கி வேலையும் நடந்தால், நான் அந்த வழியைத்தான் சொல்வேன். அத்தானிடம் அப்போது காசு இல்லை. அந்த மெஷின் இணையத்தோடு இணைந்ததும் இல்லை. மின்னஞ்சல், வட்ஸ்அப் எல்லாம் போனில். அதைவிட, இன்றைக்கு வாங்குகிற சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றி நாளைக்கு வாங்கப்போகிற மெஷினிலும் மாட்டலாம் என்பதால் அது வீண் செலவில்லை.

ஆக, இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று முடிவாயிற்று. அடுத்தது அளவு. 120 ஜிபி எடுத்து ஒரு வருஷத்தில் சி ட்ரைவ் சிவப்பாகி நிற்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். போட்டோஷொப் வேலை செய்யும்போது தற்காலிகமாக எழுதுகிற ஸ்கிராட்ச் கோப்பே பல ஜிபி பிடிக்கும். எஸ்எஸ்டி கழுத்துமுட்ட நிரம்பினால் எழுதுகிற வேகம் விழும், ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுவது நல்லது. 250இல் சமாளிக்கலாம். 500க்கு இரட்டிப்புக் காசு கேட்பதில்லை என்பதால் 500 எடுத்தோம். அந்த மாதத்து வேலைகள் எஸ்எஸ்டியில், மாதம் முடிந்ததும் 2 டிபிக்கு.

"உது எழுத எழுதத் தேயுமாமே" என்றார் அத்தான். தேயும். எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். சாம்சுங் 870 ஈவோவின் 250 ஜிபி வகைக்கு 150 டெராபைட், 500 ஜிபி வகைக்கு 300 டெராபைட் எழுத உத்தரவாதம் தருகிறார்கள். நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு ஏழேகால் டெராபைட். சின்னதுக்கே இருபது வருஷம் வருகிறது. அதற்கு முன்பு வேறு ஏதாவது ஒன்று பழுதாகிவிடும். மலிவு விலைக்கு வருகிற கியூஎல்சி வகைக்கு இந்த எண் குறைவு. பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதினால் இடையில் ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவாகவும் போகும். டிஎல்சி என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள். இணையத்தில் நம்பமுடியாத விலைக்கு 2 டிபி, 4 டிபி என்று வருகிற பெயர் தெரியாத பெட்டிகளைத் தொடவே வேண்டாம். உள்ளே சின்ன சிப்பை வைத்துப் பெரிய அளவைப் பொய்யாகக் காட்டுகிற சாமான்கள் அவை. நிரம்பும்வரை நல்ல பிள்ளை, நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதும்.

இனிப் பெரிய கேள்வி: விண்டோஸைப் புதிதாகப் போடுவதா, இருக்கிறதை அப்படியே க்ளோன் எடுப்பதா?

பொதுவாகக் கேட்டால் புதிதாகப் போடுங்கள் என்பேன். ஏழு வருஷத்துக் குப்பையை ஏன் புது வீட்டுக்குக் காவவேண்டும்? ஆனால் கடைக்கு இந்தப் புத்தி எடுபடவில்லை, காரணம் பாமினி. யாழ்ப்பாணத்தில் அச்சுவேலை செய்கிறவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: யூனிகோட் வர முன்பிருந்தே எங்கள் கடைகளில் தமிழ் அடிப்பது பாமினி எழுத்துருவில். அந்தக் கோப்பை எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் அம்மா என்ற சொல் நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். அத்தானிடம் பாமினியும் அதன் சகோதரங்களுமாக நூற்றுக்கணக்கில் எழுத்துரு. எங்கே எடுத்தது, யார் கொடுத்தது என்று அவருக்கே ஞாபகமில்லை. பழைய மலர்கள் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில் செய்தவை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். நிறுவிய சிடி எந்தக் காலத்திலோ கீறுப்பட்டுப் போய்விட்டது. எழுத்துருக் கோப்புறையைக் கொப்பி பண்ணலாம், பேஜ்மேக்கரை அப்படித் தூக்கிக்கொண்டு போகமுடியாது. லினக்ஸ் உதவாது என்றதும் இதனால்தான். ஆகவே க்ளோன்.

க்ளோன் எடுக்க முதல் பழைய டிஸ்க்கின் சுகத்தைப் பார்க்கவேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் நிறத்தைக் காட்டும். நீலம் நல்லது. 2 டிபி நீலம். 500 ஜிபி மஞ்சள். ரீஅலொகேட்டட் செக்டர் என்ற வரியில் பூச்சியம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எண் இருந்தது. பழுதான இடங்களைக் கைவிட்டு மாற்றிடம் தேடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு டிஸ்க்கும் இருக்கட்டும் என்ற நிபந்தனை அந்த மஞ்சளோடு தளர்ந்தது. அத்தான் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு டி-யில் இருந்த வேலைக் கோப்புறைகளைத் தானே தெரிந்து 2 டிபிக்கு இழுத்துப் போட்டார். அது முடிய இரவு பத்தரை.

அடுத்த நாள் பெட்டியைத் திறந்தோம். செம்மண் தூசு ஒரு விரல்கடை, மூலையில் பல்லி முட்டை ஓடு இரண்டு. எச்81இல் சாட்டா போர்ட் நாலு. இரண்டு 6 ஜிகாபிட், இரண்டு 3. இருந்த டிஸ்க் இரண்டும் வேகமான போர்ட்டுகளில் குந்தியிருந்தன. ஹார்ட் டிஸ்க்குக்கு 3 தாராளம் என்பதால் 2 டிபியை அங்கே நகர்த்திவிட்டு எஸ்எஸ்டிக்கு 6ஐக் கொடுத்தோம். இதைவிடப் பழைய எச்61 மதர்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு எல்லாப் போர்ட்டும் 3தான். கவலைப்பட வேண்டாம், பெரிய கோப்பில் பாதி வேகம் குறைந்தாலும் எழும்புகிற நேரத்தில் வித்தியாசம் தெரியாது. எஸ்எஸ்டியை இறுக்குவதற்குத் தனி இடம் பெட்டியில் இல்லை. ஒரு ஸ்குரூவில் நிற்பாட்டினோம். ஆடுகிற பாகம் இல்லாததால் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினாலும் குற்றமில்லை. பயோஸில் சாட்டா, எஸ்எஸ்டிக்குத் தோதான ஏஎச்சிஐ முறையில் இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால் சும்மா மாற்றாதீர்கள், விண்டோஸ் நீலத் திரையில் விழும். சேஃப் மோட் வழியாக மாற்றவேண்டும்.

க்ளோன் எடுத்தது சி-யையும் அதோடு ஒட்டியிருந்து விண்டோஸை எழுப்பி விடுகிற சின்ன பூட் பகுதியையும் மட்டும். இரண்டும் சேர்ந்து எஸ்எஸ்டியை விடச் சின்னதாக இருந்ததால் வேலை சுலபமாயிற்று. பழைய டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைத்திருந்தது எம்பிஆர் என்ற பழைய முறையில், அப்படியே விட்டோம். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் பூட் செய்வதானால்தான் ஜிபிடி என்ற புதிய முறை கட்டாயம்.

இப்போது என் மண்டையில் குட்டுப்பட்ட கதை. சில வருஷத்துக்கு முன்பு வீட்டு மெஷினில் முதன்முதல் எஸ்எஸ்டி போட்டபோது, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலே விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். நிறுவும்போது எந்த டிஸ்க் என்று கேட்டது, எஸ்எஸ்டியைக் காட்டினேன், முடிந்தது, பறந்தது. ஒன்றரை வருஷம் கழித்துப் பழைய டிஸ்க் டொக் டொக் என்று அடிக்கத் தொடங்க, பெரிய ஆள் மாதிரிக் கழற்றி எறிந்தேன். மெஷினைப் போட்டால் கறுப்புத் திரை. பூட் செய்ய டிஸ்க் இல்லையாம். விண்டோஸ் முழுவதும் எஸ்எஸ்டியில் இருந்தது உண்மை. அதை எழுப்பி விடுகிற அந்தச் சின்ன பூட் பகுதியை மட்டும் நிறுவுகிற மென்பொருள், ஏற்கெனவே பழைய டிஸ்க்கில் இருந்த பகுதியோடேயே வைத்துக்கொண்டது. வீடு புதுசு, திறப்பு பழைய வீட்டில். விண்டோஸ் யூஎஸ்பியில் எழும்பி, பிசிடிபூட் கட்டளையைக் கொடுத்துத் திருத்த அன்றைய இரவு முழுவதும் போயிற்று.

அதனால் புதிதாக நிறுவுகிறவர்கள் எஸ்எஸ்டியைத் தவிர மற்ற எல்லா டிஸ்க்கின் கேபிளையும் பிடுங்கிவிட்டு நிறுவுங்கள். க்ளோன் எடுக்கிறவர்கள், எடுத்து முடிந்ததும் மெஷினை நிறுத்தி, பழைய டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு முதல்தடவை எழுப்புங்கள். க்ளோன் என்றால் டிஸ்க்கின் அடையாள இலக்கம்கூட ஒன்றாகவே இருக்கலாம். இரண்டையும் சேர்த்து எழுப்பினால் எது அசல் எது நகல் என்று விண்டோஸ் குழம்பும். தனியாக எழும்புகிறதா என்று பார்த்த பிறகு மற்றதை மாட்டலாம். இந்த ஒரு பந்திக்காகத்தான் மிச்சத்தையெல்லாம் எழுதினேன் என்றாலும் பிழையில்லை.

கடை மெஷின் எஸ்எஸ்டியோடு தனியாக எழும்பியது. முன்பு விசையை அமத்திவிட்டு அத்தான் கடை வாசலைக் கூட்டி, சாமிப் படத்துக்குப் பூ வைத்து, ஊதுபத்தி கொளுத்தி வர மெஷின் தயாராகும். அன்றைக்கு ஊதுபத்தியை எடுக்கவே லொகின் திரை வந்து நின்றது. நினைவு மலர் திறக்கிற நேரத்தில் வட்டம் இரண்டு தரம் சுற்றியது. போட்டோஷொப்பின் ஸ்கிராட்ச் டிஸ்க்கை சி-க்கு மாற்றிவிட்டேன், டவுன்லோட்ஸ் கோப்புறையை 2 டிபிக்கு நகர்த்திவிட்டேன். டிஸ்க்கில் சிதறிக்கிடக்கிற துண்டுகளை ஒன்றுசேர்க்கிற டிஃப்ராக் பற்றிக் கவலை வேண்டாம். எஸ்எஸ்டி என்று கண்டால் விண்டோஸ் தானாகவே டிஃப்ராக்கை விட்டு, அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிற ட்ரிம் வேலையைச் செய்யும்.

மிஞ்சிய காசுக்கு என்ன வாங்குவது என்றும் ஒரு சண்டை. அத்தானுக்கு ரேம் வேண்டும். எனக்கு 2 டிபி அளவில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வேண்டும், பதினைந்து வருஷத்து வேலை ஒரே தட்டில் சுற்றுவதால். யூபிஎஸ்ஸின் பற்றரியும் மாற்றவேண்டியிருந்தது. கரண்ட் திடீரென்று போனால் எஸ்எஸ்டி அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்ததை இழக்கலாம். சாதாரண எஸ்எஸ்டிகளில் அதற்குக் காவல் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியதைப் போல இப்போது இல்லைதான். ஆனால் 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதே, அதற்கு யார் நேரம் குறித்தார்கள்? வெளி டிஸ்க்கும் பற்றரியும் வாங்கினோம். ரேம் அடுத்த வருஷம்.

மஞ்சள் காட்டிய 500 ஜிபி டிஸ்க்கை அழிக்காமல் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, திகதி எழுதி ஒட்டி, பேப்பர் வெட்டுகிற கத்தி கிடக்கிற லாச்சிக்குள் வைத்தோம். ஒரு மாதம் பார்த்துவிட்டு எறிவதாக ஏற்பாடு. மூன்றாவது கிழமை கனடாவிலிருந்து ஒருவர் வந்தார். தாயாரின் ஆண்டுத் திவசத்துக்குப் பெரிய படமொன்று அடிக்கவேண்டும், கல்வெட்டில் போட்ட அதே படம். 2 டிபியில் மலர் இருந்தது, படம் மட்டும் சின்னதாக, அச்சுக்குச் சுருக்கியது. அசல் எங்கே என்று தேடித் தேடி, கடைசியில் லாச்சியைத் திறந்து டிஸ்க்கை மாட்டினோம். டி-யில், அத்தான் குப்பை என்று நினைத்துக் கொப்பி பண்ணாமல் விட்ட "நியூ ஃபோல்டர் 3"க்குள், வேப்பமரத்துக்குக் கீழே கதிரையில் அந்த அம்மா இருந்தார். படத்தை எடுத்துக்கொண்டு டிஸ்க்கைத் திரும்பவும் பைக்குள் போட்டார் அத்தான். திகதி எழுதிய துண்டைக் கிழித்துவிட்டார்.